இல்லாத காய்ச்சல்

யார் வீட்டுக்குப் போனாலும் டொம்னிகா முதலில் சொல்வது, "இதோ கிளம்பிட்டேன்" என்பதுதான். வெளிக்கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுவாள். உப்பு கேட்கப் போனாலும் சரி, பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனாலும் சரி, வந்த காரியத்தைச் சொல்லும் முன்னே கிளம்பும் சேதியைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள். உட்காரச் சொன்னால் நாற்காலியின் விளிம்பில் உட்காருவாள். காபி கொடுத்தால் ஆறும்வரை பொறுக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். பக்கத்து வீட்டில் இருக்கும் அவளுடைய நாத்தனார் பரஸ்கிவா, கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறவள். "எங்க வீட்டுக்கு மருமகளா வந்தன்னைக்கும் வாசல்ல நின்னு இதோ கிளம்பிட்டேன்னுதான் சொல்லியிருப்பா. பிடில்காரன் வாசிச்ச சத்தத்துல எங்களுக்குக் கேக்கல" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவர்கள் ஊர் ஜியு ஆற்றுக்குப் பக்கத்தில், நிலக்கரி தோண்டும் பள்ளங்களுக்கு நடுவே இருக்கிறது. டொம்னிகா பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டவள். கூட்டுப்பண்ணையில் புகையிலை கோத்தாள். பிறகு சுரங்கத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு கழுவினாள். மண் வாரும் பெரிய இயந்திரத்தை ஓட்டிய இலாரியே அவளை அங்கேதான் பார்த்தான். எச்சில் தட்டைக் கொண்டுவந்து வைக்கிற சாக்கில் தினமும் இரண்டு வார்த்தை பேசுவான். அவள் தட்டைப் பார்த்தே பதில் சொல்வாள். கல்யாணம் ஆனது. நிக்கொலெத்தா பிறந்தாள், சோரின் பிறந்தான். இரண்டு பேரும் வளர்ந்து, ஊரில் பாதிப் பேரைப் போலவே, ருமேனியாவை விட்டு பஸ் ஏறினார்கள். மகள் இத்தாலியில் ஒரு கிழவியம்மாளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனாள். மகன் ஸ்பெயினில் லாரி ஓட்டினான். ஆகஸ்டில் வருவார்கள், கொண்டுவந்த பெட்டியை முழுதாகப் பிரிக்கும் முன்னே திரும்பிப் போவார்கள். அவர்கள் போன மறுநாள் டொம்னிகா படுக்கை விரிப்புகளைத் துவைக்க மாட்டாள். ஏன் என்று இலாரியே கேட்டதும் இல்லை.

அவளுக்கு இரத்தம் போக ஆரம்பித்தபோது மூலம் என்று நினைத்துக்கொண்டாள். அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே அவளுக்குக் கூசியது. கிராமத்து டாக்டர் இளைஞன், அவள் கண் முன்னால் வளர்ந்தவன். அவனிடம் போய் எப்படிச் சொல்வது. உள்பாவாடையைத் தனியாக ஊறவைத்து, கோழிக் கொட்டகைக்குப் பின்னால் கட்டிய கொடியில் காயப்போட்டாள். வருஷம் ஒன்று அப்படியே போனது. கடைசியில் ஒரு குளிர்கால மதியம் வயிறு உப்பி, எதுவும் இறங்காமல், கிணற்றடியில் விழுந்துவிட்டாள். நகரத்து ஆஸ்பத்திரியில் அவசரமாக வயிற்றைத் திறந்து, மலம் போகப் பக்கவாட்டில் ஒரு வழி வைத்து, அதில் பை ஒன்றை மாட்டினார்கள்.

குடலில் இருந்த புற்று கல்லீரலுக்கும் போய்விட்டது என்று அறுவை டாக்டர் சொன்னார். முதலில் மருந்து ஏற்றுவோம். அதற்குச் சுருங்கினால் இரண்டு இடத்திலும் வெட்டி எடுக்கலாம். பெரிய அறுவை, மேசையிலேயே போய்விடுகிறவர்களும் உண்டு. ஆனால் சுருங்கி நிற்கிற காலம் கொஞ்சம்தான், அதைத் தவறவிட்டால் பிறகு வெட்ட முடியாமலே போகலாம். இதையெல்லாம் அவர் இலாரியேயைப் பார்த்துத்தான் சொன்னார். டொம்னிகா தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரத்தம் எப்போதிலிருந்து போகிறது என்று டாக்டர் கேட்டதற்கு, "கொஞ்ச நாளா" என்றாள். கொடியில் காய்ந்த துணிகளை இலாரியே அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்திருக்க வேண்டும். அவனும் அந்தக் கைப்பையின் வாரைத்தான் பார்த்தான்.

கோடை முழுக்க மருந்து ஏறியது. தலைமுடி மெலிந்தது, விரல் நுனி மரத்தது, ஆனால் கட்டிகள் சுருங்கின. செப்டம்பர் கடைசியில் அறுவை என்று முடிவானதும் பிள்ளைகள் இருவரும் வேலையில் லீவு சொல்லிவிட்டு வந்து இறங்கினார்கள். புருஷனைப் பிரிந்து வாழும் நிக்கொலெத்தா, ஏழு வயது மகள் ஜியாதாவையும் கூட்டி வந்தாள்.

பொமானா போடச் சொன்னது பரஸ்கிவாதான். செத்த பிறகு பிள்ளைகள் போடுகிற கருமாதி விருந்தை நம்பி இருக்காமல், உயிரோடு இருக்கும்போதே தன் கையால் தனக்குப் போட்டுக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். கொடுத்தது எதுவோ அதுதான் அந்த உலகத்தில் கூட வரும். "கத்திக்குக் கீழ போறவ வெறுங்கையோட போகாத" என்றாள் பரஸ்கிவா. "நாளைக்கு அங்க போய் ஒரு கரண்டிக்கு யார் வாசல்ல நிப்ப? உனக்குத்தான் உக்காரவும் தெரியாது, கேக்கவும் தெரியாது."

திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேசைகள் போட்டார்கள். பாதிரியார் வந்து சாம்பிராணி காட்டினார். கோதுமையும் அக்ரூட்டும் இனிப்பும் சேர்த்த கொலிவாவை நடுவில் வைத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் டொம்னிகா தன் கையாலேயே ஒரு துண்டு, ஒரு தட்டு, எரிகிற ஒரு மெழுகுவத்தி கொடுத்தாள். வாங்கியவர்கள் ஆண்டவர் ஏத்துக்கட்டும் என்றார்கள். அவள் இடத்தில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள அவள் வயசும் உடம்புவாகும் உள்ள ஒருத்தி வேண்டும் என்பதால் அது பரஸ்கிவாவுக்கு அமைந்தது. விரித்த கட்டில், மெத்தை, போர்வை, மேசை, நாற்காலி, பெரிய களிச்சட்டி, இரும்பு வாணலி, தலை முதல் கால் வரை உடுப்பு, இரண்டு வருஷம் சேர்த்து வாங்கிய கம்பளிக் கோட்டு. வழக்கப்படி பரஸ்கிவா எல்லோர் முன்னாலும் உடுத்திக் காட்டி, கட்டிலில் ஒரு நிமிஷம் படுத்து எழுந்தாள். செருப்புதான் சரியாக ஏறவில்லை. "அங்க போய் நீ நடக்கப் போற செருப்பு, ஒரு அளவு பெருசா வாங்கியிருக்கக் கூடாதா" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து வந்து டொம்னிகாவை முத்தமிட்டார்கள். தங்கமான பொம்பளை, யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுத்ததில்லை, அவள் வாயிலிருந்து ஒரு பொய் வந்து கேட்டதில்லை என்று அவள் காதுபடவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். செத்தவர்களைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார்கள். அவள் முகம் காதுவரை சிவந்துபோய், மேசை விரிப்பில் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, வெள்ளை அணு குறைவாக இருக்கிறது, இப்போது வெட்ட முடியாது, ஏறியதும் கூப்பிடுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிள்ளைகள் லீவை நீட்டிக் கேட்டார்கள். நிக்கொலெத்தா தொலைபேசியில் இத்தாலிய மொழியில் கெஞ்சிக்கொண்டு முற்றத்தில் மேலும் கீழும் நடந்தாள். சோரின் ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு வைத்துவிட்டான். பிறகு எல்லோரும் திரும்பவும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

அந்த நாட்களைப் பற்றி டொம்னிகா யாரிடமும் பேசியதில்லை. காலையில் சோரின் கூரையில் ஏறி ஓடு மாற்றுவான், கீழே நின்று இலாரியே அவனைத் திட்டுவான், அவன் பதிலுக்குத் திட்டுவான். அந்தச் சத்தத்தை அவள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பாள். ஜியாதா பாதி இத்தாலியிலும் பாதி தங்கள் பாஷையிலும் கோழிகளுக்குப் பேர் வைப்பாள். மத்தியானம் நிக்கொலெத்தா வெந்நீர் வைத்து அம்மாவின் மிஞ்சிய முடியை அலசிவிடுவாள், பிறகு பையை மாற்றுவாள். முதல் தடவை டொம்னிகா கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். "திறம்மா" என்றாள் மகள், வெளியே நின்றபடி. "எத்தனை வருஷமா ஊரான் வீட்டுக் கிழவிக்குத் தொடச்சு விடறேன். உனக்குச் செய்யறதுக்கு நீ வெக்கப்பட்டா நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்க?" டொம்னிகா திறந்தாள். மகளின் விரல்கள் வேலை தெரிந்த விரல்கள், வலிக்கவே இல்லை. யாரோ ஒருத்தியின் உடம்பில் பழகிய விரல்கள் என்பதை நினைத்து அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தோஷமாக இருந்தாள். அதுதான் அவளுக்கு வெட்கம். கல்லீரலில் கட்டியோடு, இடுப்பில் பையோடு, பிள்ளைகளின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு ஒருத்தி சந்தோஷமாக இருக்கலாமா. காலையில் கண் விழித்ததும் பக்கத்து அறையில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டால் சிரிப்பு வரும். உடனே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

ஊருக்குள் போவதும் சிரமமாகிவிட்டது. கடைக்காரி அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறி, "இன்னும் ஆபரேஷன் ஆகலையா அக்கா?" என்று கேட்டாள், கடன் தவணை கேட்பது போல இல்லை, ஆனாலும் அப்படித்தான் டொம்னிகாவுக்குக் கேட்டது. சாராயக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவன், "உன் பொமானாவுல குடிச்சது எறங்கிப் போச்சே டொம்னிகா, அடுத்தது எப்ப போடற?" என்றான். கூட இருந்தவர்கள் அவனை அதட்டினார்கள், அதட்டிக்கொண்டே சிரித்தார்கள். காலையில் குளிர ஆரம்பித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பரஸ்கிவா அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். டொம்னிகா மெல்லிய சட்டைக்கு மேல் இலாரியேயின் பழைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது, தொடவும் கூடாது. புதிதாக வாங்கலாம் என்றால், பொமானா போட்ட பிறகு தனக்கென்று கோட்டு வாங்குகிறவளை ஊர் என்ன சொல்லும். களி கிண்டக் கூட நல்ல சட்டி இல்லாமல், பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் கிண்டினாள். அடியில் பிடித்துக்கொண்டது. சோரின் கேலி செய்துகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. மறுபடி எடுத்த இரத்தம் நன்றாக இருக்கிறது, இடம் காலியானதும் கூப்பிடுகிறோம் என்று அந்த வாரம்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் தோட்டத்தில் சாராயத்துக்காகப் பிளம் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக அவர்கள் தெரிந்தார்கள். ஜியாதா மரத்தின் மேல் இருந்தாள், இலாரியே இரண்டு கையையும் விரித்துக் கீழே நின்றான்.

நர்ஸ் நல்ல குரலில் பேசினாள். வியாழக்கிழமைக்கு ஒரு இடம் காலியாகியிருக்கிறது, ஒரு நோயாளி வரவில்லை, கடைசி இரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பதால் டொம்னிகாவைச் சேர்த்துக்கொள்ள டாக்டர் சொல்லியிருக்கிறார், புதன்கிழமை காலையில் வந்துவிட வேண்டும். அறுவை முடிந்த ஒரு வாரத்தில் கிளம்புவதாகத்தான் நிக்கொலெத்தா இத்தாலியில் சொல்லி வைத்திருந்தாள். சோரின் அதற்கும் முன்பே. டொம்னிகா மனசுக்குள் அதைத்தான் கூட்டிக் கழித்தாள், கல்லீரலைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

"சளி, இருமல், காய்ச்சல் ஏதாவது இருக்காம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

"இருக்கு" என்றாள் டொம்னிகா. "காய்ச்சல் இருக்கு."

அந்த வார்த்தையை அவள் தேடிப் போகவில்லை. நர்ஸே எடுத்துக் கையில் கொடுத்தது போல இருந்தது. அப்படியென்றால் இப்போது முடியாது, இந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறேன், காய்ச்சல் விட்டதும் சொல்லுங்கள் என்று நர்ஸ் வைத்துவிட்டாள். டொம்னிகா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. வெளியே வந்து தானும் பிளம் பொறுக்க உட்கார்ந்தாள். குனியாதே, குனியாதே என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அதன் பிறகு அவளுக்கு மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சில நாள் கழித்து நிக்கொலெத்தாவும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆனாள். முடி அலசும்போது பேச்சு நின்றுபோனது. ஆனால் கை முன்பைவிட மெதுவாக வந்தது, ஒரு தடவைக்கு இரண்டு தடவை துவட்டினாள். இவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று டொம்னிகா பயந்தாள். பிறகு காரணம் கிடைத்தது. கோழிக் கொட்டகைப் பக்கம் சோரினும் இலாரியேயும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இத்தாலியில் அந்தக் கிழவியம்மாளின் மகன் வேறு ஒருத்தியை வைத்துவிட்டானாம். நிக்கொலெத்தாவின் துணிமணிகளைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்திருக்கிறானாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் சத்தியம் வாங்கியிருக்கிறாள். டொம்னிகா கையில் முட்டையோடு அங்கேயே நின்றாள். இரண்டு முட்டை இன்னும் சூடாக இருந்தன. சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தாள். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கும்போதெல்லாம், பொமானாவில் அவளைப் பற்றிச் சொன்னவர்களின் முகங்கள் வரிசையாக வந்து நின்றன.

ஒரு சனிக்கிழமை, குளிர்காலத்துக்கு வேண்டிய தொக்குக்காக முற்றத்தில் தகரத்தைப் போட்டுக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இலாரியே நெருப்பைப் பார்த்துக்கொண்டான். நிக்கொலெத்தாவும் டொம்னிகாவும் கருகிய தோலை உரித்தார்கள். பரஸ்கிவா வேலைக்கு வந்தது போல வந்து உட்கார்ந்து, கோட்டில் கரி படாமல் மடியில் சாக்கை விரித்துக்கொண்டு, வேலையைத் தவிர எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தாள். சோரின் சட்டென்று, திங்கட்கிழமை நகரத்துக்குப் போய் அந்த டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். இரத்தம் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொன்ன பிறகு ஏன் கூப்பிடவில்லை, அம்மாவை மறந்துவிட்டார்களா, இல்லை கிராமத்துப் பொம்பளைதானே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்களா என்று நாலு பேர் முன்னால் கேட்கப் போகிறான். அவன் குரல் அப்போதே கேட்டுக்கொண்டிருப்பது போல உயர்ந்திருந்தது.

"கேளு" என்றாள் பரஸ்கிவா. "கத்திக் கேளு. கத்தாதவங்களுக்கு அங்க ஒண்ணும் நடக்காது. உங்கம்மா போனா டாக்டர்கிட்டயும் இதோ கிளம்பிட்டேன்னுதான் சொல்லுவா."

டொம்னிகாவின் கண் முன்னால் அது அப்படியே நடந்தது. தாழ்வாரத்தில் நிற்கிற தன் மகன், அவன் கழுத்து நரம்பு, ஒரு தப்பும் செய்யாத அந்த டாக்டர், பிறகு நர்ஸ் குறிப்பைப் புரட்டிப் பார்த்து எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிற பதில். கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். விரல் நுனி மரத்திருந்ததால் அது சுட்டதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"போகாத சோரின்" என்றாள். "அவங்க கூப்பிட்டாங்க."

யாருக்கும் புரியவில்லை. அவள் தகரத்தைப் பார்த்தபடியே மீதியைச் சொன்னாள். பிளம் பொறுக்கின அன்று. வியாழக்கிழமை. காய்ச்சல் என்று சொன்னது. எல்லாம் சொல்லி முடிக்க நாலைந்து வாக்கியம்கூட ஆகவில்லை.

"காய்ச்சலா?" என்றான் சோரின். "உனக்குக் காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

"வரல."

"அப்புறம்?"

கீழே வைத்த மிளகாயை அவள் மறுபடி எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அப்போது நிக்கொலெத்தா, கையைத் துடைக்காமலே, "எனக்கும் கூப்பிட்டாங்க" என்றாள்.

நாலு நாள் கழித்து நர்ஸ் அவள் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். "எந்தக் காய்ச்சல்னு கேக்கத்தான் வாயத் திறந்தேன்" என்றாள் நிக்கொலெத்தா. "அம்மா பொய் சொல்லியிருக்கான்னு அந்த நொடியே புரிஞ்சுபோச்சு. இன்னும் விடலன்னு சொல்லிட்டேன். எனக்கே தெரியல, அப்படித்தான் வந்துச்சு. மேசையிலயே போயிடறவங்க உண்டுன்னு டாக்டர் சொன்னார்னு கேட்டதிலேர்ந்து எனக்கு..." முழங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கரி ஆனது.

டொம்னிகா மகளைப் பார்த்தாள். பல நாளாகக் குனிந்தே இருந்த அந்த முகம் எதற்காகக் குனிந்திருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. தனக்காக வெட்கப்படுவதை அவள் பழகியிருந்தாள். தன்னால் பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது வேறாக இருந்தது.

பரஸ்கிவா முதலில் வாயைத் திறந்தாள். "ஊரையே கூப்பிட்டு உக்கார வச்சு வழியனுப்பச் சொன்ன. நாங்களும் அழுது அனுப்பினோம். இப்ப போக மனசு வரலியா?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். சாக்கை உதறிவிட்டு எழுந்து, "போன எடு. சனிக்கிழமையா இருந்தா என்ன, நர்ஸுக்குச் சனி ஞாயிறு ஏது. காய்ச்சல் இல்லன்னு இப்பவே சொல்லு" என்றாள். சோரின் எடுத்தான். நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டான். கத்துவதற்காகச் சேர்த்து வைத்த குரலில் அவனுக்கு மரியாதையாகப் பேசவே வரவில்லை.

இலாரியே அதுவரை நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தகரத்தில் இருந்த மிளகாய் எல்லாம் கருகிப் போனது, அவன் திருப்பவில்லை. கடைசியில் நிமிர்ந்து, பிள்ளைகள் முன்னாலேயே, "எங்களோட இருக்கணும் இருக்கணும்னே எங்கள விட்டுப் போகப் பாத்திருக்க" என்றான்.

"இல்ல மனுஷா" என்றாள் அவள். அவன் கருகியதையெல்லாம் வாரிப் பன்றித் தொட்டியில் கொட்டிவிட்டு உள்ளே போனான்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டொம்னிகா ஒரு கூடை முட்டை கொண்டு போனாள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பரிசோதனை முடியும்வரை மகளிடம் கொடுத்து வைத்திருந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் சுருங்கி இருந்த கட்டிகளில் ஒன்று மறுபடி பெரிதாக ஆரம்பித்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் பெருத்திருந்தது. அன்றைக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நிக்கொலெத்தா கேட்டாள். அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இப்போதைக்கு வெட்ட முடியாது, மருந்தை மாற்றி இன்னொரு சுற்று ஏற்ற வேண்டும், பிறகு பார்க்கலாம்.

வெளியே போகும் முன் டொம்னிகா நின்றாள். அவள் வாழ்க்கையில் ஒரு டாக்டர் கேட்காமலே அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்ல டாக்டர்" என்றாள்.

அவர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. "அடுத்த தடவ பயமா இருக்குன்னே சொல்லுங்கம்மா" என்றார். "பயப்படாதவங்க யாரும் இங்க வர்றதில்ல."

டொம்னிகா தலையை ஆட்டினாள். அது பயத்தில் சொன்னது இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. பயந்தவள் என்றால் ஊரும் உலகமும் ஒத்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதனால் சொன்னேன் என்று அந்த வெள்ளைச் சுவருக்குள் நின்று எப்படிச் சொல்வது. அவர் நினைத்ததை அப்படியே விட்டுவிட்டு, முட்டைக் கூடையை மேசையோரம் வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் டொம்னிகா, அந்தக் கிழவியம்மாள் வீட்டு விஷயம் தனக்குத் தெரியும் என்றாள். தெரியும் என்பது தனக்கும் தெரியும் என்றாள் நிக்கொலெத்தா. "முட்டை எடுக்கப் போனவ வெறுங்கையோட வந்த. கேட்டா கோழி முட்டை வைக்கலன்னு சொன்ன. அது ரெண்டாவது பொய்."

"உடைஞ்சிடுச்சு" என்றாள் டொம்னிகா. "கையிலேயே உடைஞ்சிடுச்சு."

நிக்கொலெத்தா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் அம்மாவின் தோளில் சாய்ந்தது. தூங்கிவிட்டாளா, சும்மாதான் சாய்ந்தாளா என்று டொம்னிகாவுக்குத் தெரியவில்லை. ஊர் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அக்டோபர் கடைசியில் வருகிற புனித துமித்ரு நாளும் கழிந்துவிட்டது. சோரின் ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டான், ஞாயிறுதோறும் பேசுகிறான், பேச்சை முடிக்கும்போது காய்ச்சல் இருக்கா என்று கேட்கிறான். அதில் எவ்வளவு கேலி, எவ்வளவு கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நிக்கொலெத்தா நகரத்தில் ரொட்டி செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், இத்தாலியில் வாங்கியதில் பாதிகூட வராது. ஜியாதா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். இலாரியே மனைவியிடம் மறுபடி பேசுகிறான், விறகைப் பற்றியும் கோழிகளைப் பற்றியும். புது மருந்தில் பாதிச் சுற்று முடிந்திருக்கிறது. அதற்குக் கட்டி கட்டுப்படுகிறதா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். தெரிந்த பிறகுதான் அறுவை உண்டா இல்லையா என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் இப்போது டொம்னிகாவின் எண்ணையும் மகளின் எண்ணையும் எடுத்துவிட்டு, இலாரியேயின் எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.